நீல வால், ஆரஞ்சு, அழுக்குப் பச்சை: இது ஒரே ஊசித்தட்டானா, மூணு வகையா?

அல்லித்தொட்டி:

வணக்கம் மக்களே. பூச்சி பத்தி பெரிசா ஒண்ணும் தெரியாது, செடி வளக்கறதுக்காகத்தான் இந்தப் பக்கமே வந்தேன். அல்லி வச்சிருக்கற தொட்டியிலயும், பக்கத்துல ஓடியும் ஓடாமலும் கிடக்குற வாய்க்கால் ஓரத்துப் புல்லுலயும் ஊசித்தட்டான் நிறைய உக்காந்திருக்கு. ஒண்ணு மேல கருப்பு, மார்போட பக்கமெல்லாம் பச்சை, வால் நுனிக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் பளிச்சுனு ஒரு நீலப் பட்டை. இன்னொண்ணு மார்பு நல்ல ஆரஞ்சு, நீலம்ங்கறதே கிடையாது. மூணாவது பச்சையா பழுப்பானு சொல்ல முடியாத ஒரு அழுக்குக் கலர்.

மூணும் மூணு வகைன்னா ஏன் நீல வாலும் அழுக்குப் பச்சையும் ஜோடி சேந்து தொங்குது? சரி ஆண் நீலம், பொண்ணு பச்சைன்னு வச்சுக்கலாம்னு பாத்தா, அடுத்த தண்டுலயே நீல வாலும் நீல வாலும் ஜோடியா இருக்கு, அதுவும் சும்மா ஒட்டிக்கிட்டு இல்ல, இதய வடிவத்துல வளைஞ்சு முழுசா சேந்து. ரெண்டு ஆணா? ஆரஞ்சு யாரு அப்போ?

அப்புறம் இன்னும் ரெண்டு சந்தேகம் இருக்கு. தொட்டித் தண்ணில வால்ல மூணு இலை மாதிரி ஒட்டிக்கிட்டு ஒரு பூச்சி நெளிஞ்சு நெளிஞ்சு நீந்துது, அது இதோட குட்டியா, கப்பி மீன் குஞ்சு போட்டிருக்கு அதைத் தின்னுடுமா? அடுத்தது, சில தட்டானோட நெஞ்சுக்கு அடியில கடுகை விடச் சின்னதா சிவப்பு உருண்டைங்க ஒட்டியிருக்கு, அது முட்டையா நோயா? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க.

கோரைக்கிழங்கு:

நல்லா கவனிச்சிருக்கீங்க, அந்த நீல-நீல ஜோடியை நிறைய பேரு பாத்துட்டு ஏதோ குழப்பம்னு விட்டுடுவாங்க. நீங்க சொல்றதை வச்சு பாத்தா மூணும் ஒரே வகைதான், இஸ்க்னூரா செனகலென்சிஸ். 1842ல ராம்பூர்னு ஒரு பிரெஞ்சுக்காரர் இதுக்குப் பேரு வச்சாரு, பேருல செனகல் இருந்தாலும் இது ஆப்பிரிக்கா பூரா, மேற்காசியா, இந்தியா, தென்கிழக்காசியா, அங்கிருந்து ஜப்பான் வரைக்கும் பரவிக் கிடக்குற பூச்சி. தேங்கின தண்ணி, மெதுவா நகர்ற தண்ணி, ஓரத்துல கொஞ்சம் புல்லு, இவ்வளவு இருந்தா போதும் வந்துடும், குளம் குட்டை சதுப்பு வயல் வாய்க்கால் எதுவும் விதிவிலக்கு இல்ல, லேசா உப்புக் கலந்த தண்ணியைக்கூட தாங்கும்.

இப்ப உங்க மெயின் கேள்விக்கு வர்றேன். இந்த வகையில ஆண் ஒரே மாதிரிதான் இருக்கும், நீங்க சொன்ன கருப்பு-பச்சை-நீல வால். பொண்ணுங்கதான் ரெண்டு விதம். ஒரு விதம் பொண்ணு கலர்ல அப்படியே ஆணை உரிச்சு வச்ச மாதிரி இருக்கும், நீலப் பட்டை உட்பட, அதை ஆண்ட்ரோகுரோம்னு சொல்லுவாங்க. இன்னொரு விதத்துக்கு நீலப் பட்டை கிடையாது, அது கைனோகுரோம். இந்த ரெண்டாவது விதம் சிறகு முளைச்சு வெளிய வந்த புதுசுல ஆரஞ்சு, சில நாள் போய் முட்டையிடற வயசுக்கு வர வர ஆரஞ்சு மங்கி ஆலிவ் பச்சை, பழுப்புனு மாறிடும். ஆக உங்க ஆரஞ்சும் அழுக்குப் பச்சையும் ஒரே பொண்ணோட சின்ன வயசும் பெரிய வயசும். நீல-நீல ஜோடில ஒண்ணு ஆண், இன்னொண்ணு ஆண் வேஷத்துல இருக்கற பொண்ணு. முடிஞ்சுது.

எந்தப் பொண்ணு எந்த வேஷம்ங்கறது பொறப்புலயே ஜீன்ல முடிவாகுது, பெரும்பாலும் ஒரே ஒரு இடத்துல இருக்கற ஜீன் மாறுதல்தான். ஆணுக்கும் அந்த ஜீன் இருக்கும், ஆனா அவன் உடம்புல வெளிய தெரியாது, மகளுக்குக் கடத்தி விடுவான் அவ்வளவுதான்.

மேக்ரோ_பைத்தியம்:

கோரை அண்ணே சொன்னது சரி, ஆனா போட்டோ இல்லாம இவ்வளவு அடிச்சுச் சொல்றது எனக்கு ஒப்பல 😀 தொட்டி ஓரத்துல இதே சைஸ்ல இதே மாதிரி இன்னும் நாலஞ்சு வகை சுத்தும். ஆரஞ்சுன்னதும் எனக்கு முதல்ல தோணுறது அக்ரியோக்னெமிஸ் பிக்மியா, அது இதை விடப் பொடிசு, அதோட இளம் பொண்ணு நல்ல சிவப்பா இருக்கும், ஆணுக்கு வால் நுனி செங்கல் கலர். இன்னொண்ணு இஸ்க்னூரா ரூபிலியோ, சொந்தக்காரன்தான், ஆனா அதோட ஆணுக்கு வயிறே (நாம வால்னு சொல்ற நீளப் பகுதி) மஞ்சளா இருக்கும் நுனில மட்டும் நீலம், அதனால ஆணைப் பாத்தா கொழப்பமே வராது, பொண்ணைப் பாத்தாதான் தலை சுத்தும்.

@அல்லித்தொட்டி, போட்டோ எடுக்கும்போது மேல இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு, வால் நுனியை மட்டும் நெருக்கமா ஒண்ணு எடுங்க. மேல இருந்து மட்டும் எடுத்தா கருப்பு முதுகுதான் வரும், ஒண்ணுத்துக்கும் ஆகாது. வயித்துல பத்து கண்டம், அதாவது வளையத் துண்டு, இருக்கும், மார்புப் பக்கத்துல இருந்து எண்ணிக்கிட்டே வாங்க, எட்டாவது முழுசா நீலம், ஒன்பதாவது மேல கருப்பு அடில நீலம்னா செனகலென்சிஸ் ஆணுக்கு ஒத்துப் போகுது. முன் இறக்கையோட நுனிகிட்ட ஒரு சின்ன கட்டம் இருக்கும் பாருங்க, ஆணுக்கு அது பாதி கருப்பு பாதி வெளிர் நீலம்.

ஆணா, ஆண் வேஷம் போட்ட பொண்ணானு பாக்கணும்னா கலரை மறந்துடுங்க. இடுப்புக்கிட்ட, அதாவது ரெண்டாம் கண்டத்துக்கு அடில, ஒரு சின்ன புடைப்பு இருந்தா ஆண். வால் நுனிக்கு அடில தடிச்சு, கத்தி மாதிரி ஒரு அமைப்பு இருந்தா பொண்ணு, அதை வச்சுத்தான் தண்டைக் கீறி முட்டையை உள்ள செருகும். நான் எடுத்த பழைய போட்டோவுல ‘ஆண்’ ஃபோல்டரைத் தொறந்து பக்கவாட்டுப் படத்தை மட்டும் வரிசையா பாத்தீங்கன்னா அதுல பாதி முட்டை போடற ஆளா இருக்கும், அந்தளவுக்கு ஏமாத்தும்.

அல்லித்தொட்டி:

ஆஹா, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். சாயங்காலம் பக்கவாட்டுல எடுத்துப் பாத்தேன், எட்டாவது கண்டம் முழு நீலம்தான், ஒன்பதாவது மேல கருப்பு. ஆனா இப்ப இன்னும் பெரிய சந்தேகம் வந்துருச்சு. பொண்ணு எதுக்கு ஆண் வேஷம் போடணும்? ஜோடி கெடைக்கறதே கஷ்டமாயிடாதா?

கோரைக்கிழங்கு:

ஜோடி கெடைக்கறது இதுங்களுக்குப் பிரச்சனையே இல்ல, ஜோடித் தொல்லைதான் பிரச்சனை. தண்ணி ஓரத்துல எப்பவும் ஆணுங்க கூட்டமா இருக்கும், ஒரு பொண்ணு வந்தா ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து புடிக்கப் பாக்கும். ஆண் தன் வால் நுனில இருக்கற கொக்கியால பொண்ணோட கழுத்துக்கிட்ட, முன்மார்புல புடிச்சிக்கும், அப்புறம் பொண்ணு சம்மதிச்சா வாலை முன்னாடி வளைச்சு ஆணோட ரெண்டாம் கண்டத்துல சேக்கும், அதான் நீங்க பாத்த இதய வடிவம். இஸ்க்னூரா கூட்டத்துல இது நிமிஷக் கணக்கு இல்ல, மணிக் கணக்கு. ஒரு தடவை விந்து வாங்கினாலே நிறைய முட்டைக்குப் போதும், அதுக்கு மேல ஒவ்வொரு ஆணும் வந்து மணிக் கணக்குல புடிச்சு வச்சா அவ எப்ப சாப்பிடறது எப்ப முட்டை போடறது? அதுனால ஆண் மாதிரி தெரியற பொண்ணுக்குத் தொல்லை கம்மி, மிச்ச நேரம் லாபம்னு ஒரு விளக்கம்.

ஏன் அவ்வளவு நேரம்னு கேட்டீங்கன்னா அதுவும் ஒரு சுவாரஸ்யமான கதை. 1979ல வாகேன்னு ஒரு அமெரிக்க ஆராய்ச்சியாளர் காலாப்டெரிக்ஸ் மாகுலாட்டாங்கற வேற ஒரு ஊசித்தட்டான்ல கண்டுபுடிச்சாரு, ஆண் தன் விந்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடி, முந்தி வந்த ஆணோட விந்தை உள்ள இருந்து சுரண்டி எடுத்து வெளிய போட்டுடுது. அதுக்குன்னே உறுப்புல பின்பக்கம் பாத்த முள்ளுங்க இருக்கு. அதுக்கப்புறம் இஸ்க்னூராவுலயும் இப்படி சுரண்டறதைப் பாத்தாங்க. ஆக கடைசியா வந்தவனுக்குத்தான் முட்டை. நிறைய ஊசித்தட்டான்ல பொண்ணு முட்டை போடும்போது ஆண் கழுத்தை விடாம கூடவே இருந்து காவல் காக்கும், ஆனா இந்த வகையில பொண்ணு தனியாத்தான் முட்டை போடும், அதனால ஆண் முன்னாடியே ரொம்ப நேரம் புடிச்சு வச்சுக்கறதே ஒரு காவல் மாதிரின்னு சொல்றாங்க, அந்த நேரம் பூரா வேற எவனும் கிட்ட வர முடியாதுல்ல.

நீர்ப்பாசி:

ஒரு சின்ன மறுப்பு. ‘ஆண் வேஷம் போட்டு ஏமாத்துது’ங்கறது கேக்க நல்லா இருக்கு, எல்லாரும் அதோட நிறுத்திடறாங்க. ஆனா அப்படி வேஷம் போட்டா எப்பவும் லாபம்னா ஏன் எல்லா பொண்ணும் வேஷம் போடல? சாதாரணக் கலர் பொண்ணு எப்பவோ இல்லாமப் போயிருக்கணுமே. ரெண்டும் தலைமுறை தலைமுறையா ஒரே குளத்துல கூடவே இருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் வேணும்.

எனக்குச் சரின்னு படற விளக்கம் வேற. ஆண் பொறக்கும்போதே ‘பொண்ணுன்னா இந்தக் கலர்’னு தெரிஞ்சுக்கிட்டு பொறக்கறதில்ல, பாத்துப் பழகிக் கத்துக்குது. குளத்துல எந்தக் கலர் பொண்ணு அதிகமோ அதைத்தான் அடிக்கடி பாக்கும், அதைத்தான் தேடித் தேடித் துரத்தும். அப்போ எது அதிகமோ அதுக்குத் தொல்லை, எது கம்மியோ அது நிம்மதியா முட்டை போடும், அதனால கம்மியா இருக்கறது பெருகும், பெருகினதும் அதுக்குத் தொல்லை ஆரம்பிக்கும், மறுபடி இன்னொண்ணு ஏறும். ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கிட்டே இருக்கும், எதுவும் முழுசா ஜெயிக்காது. ஜப்பான்ல இதே செனகலென்சிஸை வச்சு இதைப் பாத்திருக்காங்க, கம்மியா இருக்கற பொண்ணுக்கு லாபம்ங்கறது அதுல தெரிய வந்துச்சு.

அதுக்காக வேஷ விளக்கத்தைத் தூக்கிப் போடச் சொல்லல. ஆணைப் போல இருக்கற பொண்ணுன்னா குளத்துல இருக்கற ஆணுங்களோட எண்ணிக்கையும் கணக்குல வரும், ஆணுங்க கூட்டத்துல கலந்துட்டா கண்டுபுடிக்கறது கஷ்டம், அந்த வகையில ரெண்டு விளக்கமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். ஆனா ‘வேஷம்’னு ஒத்த வார்த்தையில முடிக்கறதை விட எண்ணிக்கைதான் ஆட்டத்தை நடத்துதுன்னு சொல்றது சரியா இருக்கும். ஒரு குளத்துல நீலப் பொண்ணு நிறைய, அடுத்த குளத்துல விரல் விட்டு எண்ணலாம்னு இருக்கறதும் இதனாலதான் புரியுது.

கோரைக்கிழங்கு:

ஒத்துக்கறேன் பாசி, நீங்க சொன்ன மாதிரி சொல்றதுதான் முழுசா இருக்கு. அதோட இந்தப் பேரினத்துல இன்னொரு கூத்தும் இருக்கு, இஸ்க்னூரா ஹாஸ்டாட்டான்னு ஒண்ணு, அமெரிக்காப் பக்கம் ஆணும் பொண்ணுமா சாதாரணமாத்தான் வாழுது, ஆனா அட்லாண்டிக் நடுவுல அசோர்ஸ் தீவுல இருக்கற கூட்டத்துல ஆணே கிடையாது, பொண்ணுங்க மட்டுமே ஆண் இல்லாமலே முட்டை போட்டு பொண்ணுங்களாவே பெருகுது. தொல்லைக்கு அதை விடத் தீர்வு என்ன இருக்கு 😄

கப்பிக்காரன்:

மீன் கேள்விக்கு யாருமே பதில் சொல்லல, நான் சொல்றேன். வால்ல மூணு இலை இருந்து, உடம்பை இடமும் வலமும் நெளிச்சு நீந்துதுன்னா அது ஊசித்தட்டான் குஞ்சுதான். அந்த மூணு இலையும் செவுள், மூச்சு விட உதவும், நீந்தும்போது துடுப்பாவும் பயன்படும். எவனாவது கடிச்சு ஒரு இலை போச்சுன்னாலும் அடுத்தடுத்து தோலுரிக்கும்போது திரும்ப வளந்துடும், அதனால ரெண்டு இலையோட ஒண்ணைப் பாத்தா வேற வகைன்னு நெனைக்காதீங்க. மூணு வாலும் இலை மாதிரி இல்லாம நூல் மாதிரி இருந்து, வயித்து ரெண்டு பக்கமும் செவுள் படபடன்னு ஆடுச்சுன்னா அது மேஃப்ளைங்கற வேற பூச்சியோட குஞ்சு, அது பாவம் பாசி தின்னுட்டுக் கிடக்கும். குண்டா, வால் இலையே இல்லாம, பின்னாடி தண்ணியைப் பீச்சிக்கிட்டு சர்ருனு பாயுதுன்னா பெரிய தட்டான் குஞ்சு, மீன் தொட்டில பயப்பட வேண்டியது அதுக்குத்தான், நல்ல சைஸ் மீன் குஞ்சையே தூக்கிடும்.

ஊசித்தட்டான் குஞ்சு ஒல்லி, வாயும் சின்னது. ஆனா அதுக்கும் கீழ்த்தாடை மடிஞ்சு மூஞ்சிக்கு அடில ஒளிஞ்சிருக்கும், இரை கிட்ட வந்ததும் கை நீட்டற மாதிரி விருட்டுனு நீட்டிக் கவ்வும், கண்ணுக்கே தெரியாத வேகம். தண்ணிப்பூச்சி, கொசுப்புழு, புழு பூச்சி எல்லாம் தின்னும். இப்பத்தான் பொறந்த கப்பிக் குஞ்சையும் இறால் குஞ்சையும் புடிக்க வாய்ப்பு இருக்கு, அதுல பொய் சொல்லி உங்களை ஆறுதல்படுத்த விரும்பல. ஒரு வாரம் பத்து நாள் மீன் குஞ்சைத் தனியா ஒரு டப்பாவுல வச்சு வளத்துட்டு விட்டீங்கன்னா தீந்துது பிரச்சனை. அதுக்கப்புறம் நிலைமை தலைகீழ், பெரிய மீனுங்கதான் இந்தத் தட்டான் குஞ்சுங்களைத் தின்னும், மீன் நெருக்கமா இருக்கற தொட்டில இது தப்பிச்சு வளந்து வர்றதே பெரிய விஷயம்.

இன்னொண்ணு, கொசுவை ஒழிச்சிடும்னு நம்பி வேற எதுவும் செய்யாம விட்டுடாதீங்க. கொசுப்புழு தின்னும், நெஜம்தான், ஆனா கொசுப்புழு சீக்கிரமா கொசுவாகிப் பறந்துடும், இந்தக் குஞ்சு வளர வாரக் கணக்கு ஆகும், வேகத்துல ஈடு கொடுக்காது. மீன் இருக்கற தொட்டின்னா அதுவே போதும். கொசுவுக்குன்னு எண்ணெய் ஊத்தறது, கண்ட மருந்தைக் கலக்கறது மட்டும் வேண்டாம், மேல படலம் படிஞ்சா இதுங்களுக்கும் சேத்து மூச்சு முட்டும்.

அல்லித்தொட்டி:

இது ரொம்ப உபயோகமான பதில், குஞ்சைத் தனியா எடுத்து வச்சிட்டேன். அப்போ தட்டான் நிறைய இருக்கறதால என் தொட்டித் தண்ணி சுத்தமா இருக்குன்னு எடுத்துக்கலாமா? எங்கயோ படிச்ச ஞாபகம், தட்டான் இருந்தா நல்ல தண்ணின்னு. சிவப்பு உருண்டை பத்தியும் யாராவது சொல்லுங்களேன்.

நீர்ப்பாசி:

எடுத்துக்க முடியாது. அந்தப் பேச்சு எல்லா வகைக்கும் பொருந்தாது. நெழல் விழுற, வேகமா ஓடற சுத்தமான ஓடையில மட்டும் வாழற ஊசித்தட்டானுங்க இருக்கு, அதுங்களைப் பாத்தா தண்ணியைப் பத்தி ஏதாவது சொல்லலாம். செனகலென்சிஸ் அப்படி இல்ல, சாக்கடை கலந்த குட்டையிலயும் புதுசா வெட்டுன பள்ளத்துலயும் முதல் ஆளா வந்து குடியேறும். இது மட்டும்தான் இருக்கு, வேற எந்த ஊசித்தட்டானும் இல்லன்னா எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான் வரும். எத்தனை வகை வருதுன்னு பாருங்க, அதுதான் விஷயம். அழிவு ஆபத்துப் பட்டியல்ல இது ரொம்பக் கீழ, கவலையே இல்லாத பிரிவுல இருக்கறதுக்கும் இந்த எதையும் தாங்கற கொணம்தான் காரணம்.

மேக்ரோ_பைத்தியம்:

சிவப்பு உருண்டை முட்டை இல்ல, நீர் உண்ணி, பெரும்பாலும் அர்ரெனூரஸ் வகை. இதோட புழு தண்ணிக்குள்ளேயே தட்டான் குஞ்சு மேல தொத்திக்கிட்டு வரும், குஞ்சு தண்டுல ஏறித் தோலுரிச்சு சிறகோட வெளிய வர்ற நேரம் பாத்து டக்குனு புது உடம்புக்குத் தாவிடும், அப்புறம் அதோட உடம்பு நீரை உறிஞ்சி ஊதிக்கிட்டே இருக்கும். தட்டான் ஜோடி சேரவோ முட்டை போடவோ தண்ணிக்குத் திரும்பி வரும்போது உண்ணி கழண்டு கீழ விழுந்து தன் வாழ்க்கையைப் பாத்துக்கும், அதாவது தட்டானை உணவாவும் பஸ்ஸாவும் பயன்படுத்திக்குது. ஒண்ணு ரெண்டு இருந்தா பெரிசா ஒண்ணும் ஆகாது, நெஞ்சு பூரா அப்பிக் கிடந்தா தட்டான் பலவீனமாகும். மனுசனுக்கும் மீனுக்கும் இதால எதுவும் வராது. புடுங்கி விடலாம்னு மட்டும் இறங்காதீங்க, உண்ணி வரும்போது காலும் கூட வந்துடும்.

அப்புறம் அந்தப் புல்லுக்கிட்ட கொஞ்ச நேரம் உக்காந்து பாருங்க, நீங்க இன்னும் பாக்காத ஒண்ணு இருக்கு. இதுங்க சாதுவான பூச்சி இல்ல. தன்னை விடக் கொஞ்சம் சின்ன ஊசித்தட்டானை, சில சமயம் அப்பத்தான் தோலுரிச்சு உடம்பு காயாத தன் இனத்தையே புடிச்சு தலைப்பக்கமா இருந்து தின்னும். நல்ல போட்டோ கெடைக்கும்.

அல்லித்தொட்டி:

ஐயய்யோ, இதைக் கடைசியாவா சொல்றீங்க 😅 சரி ஒரே ஒரு கேள்வி, தொட்டி ஓரத்துல புல்லும் தண்டும் காடு மாதிரி வளந்துருச்சு, அல்லிக்கு வெயில் படல. வெட்டலாமா?

கோரைக்கிழங்கு:

வெட்டுங்க, மொத்தமா வெட்டாம ஒரு பக்கத்தை விட்டுட்டு வெட்டுங்க. தண்ணிக்கு மேல நீட்டிக்கிட்டு நிக்கற தண்டு கொஞ்சமாவது இருக்கணும், குஞ்சு அதுல ஏறித்தான் தோலுரிக்கும், ராத்திரி பெரிசுங்க அதுலதான் தங்கும். வெட்டின தண்டை உடனே தூக்கி வெளிய போடாதீங்க, தண்ணிக்குள்ள இருந்த தண்டுக்குள்ள முட்டை செருகி வச்சிருக்கும், வெளிய இருந்து பாத்தா சின்னச் சின்ன கீறல் வரிசையாத்தான் தெரியும். அதை ஒரு வாளித் தண்ணில போட்டு, முட்டை பொரியட்டும்னு ரெண்டு மூணு வாரம் அப்படியே வச்சிட்டு, குஞ்சோட தண்ணியை மட்டும் தொட்டில ஊத்திடுங்க. வாளிக்கு மேல வலைத்துணி கட்ட மறக்காதீங்க, இல்லன்னா தட்டானுக்கு முன்னாடி கொசு வந்து முட்டை போட்டுட்டுப் போயிடும்.